புனைபெயரா, புனைப்பெயரா?

முதலில் எழுத்துச் சிக்கலைத் தீர்த்துவிடலாம். புனைபெயர் என்பதே சரி, நடுவில் ‘ப்’ வராது. புனைந்த பெயர், புனைகின்ற பெயர், புனையும் பெயர் என்று முக்காலத்துக்கும் விரிவதால் இது வினைத்தொகை. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஊறுகாயை யாரும் ‘ஊறுக்காய்’ என்று எழுதுவதில்லையே! புனைகதைக்கும் இதே கணக்குத்தான்.

சரி, புனைதல் என்றால் என்ன? ‘புனைந்து சொல்கிறான்’ என்றால் பொய் சொல்கிறான் என்றே இன்று எடுத்துக்கொள்கிறோம். பழைய பொருள் அழகுபடுத்துதல், சூடுதல், தொடுத்தல், தீட்டுதல். நெடுநல்வாடையில், போருக்குப் போன தலைவனைப் பிரிந்து அணிகலன் குறைந்து கிடக்கும் அரசிக்கு ‘புனையா ஓவியம்’ உவமையாக வருகிறது. வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் சித்திரம் அது. பாயிரத்துக்கு, அதாவது நூலின் முன்னுரைக்கு, நன்னூல் சொல்லும் பெயர்களில் புனைந்துரையும் ஒன்று, அணிந்துரையும் அதே பட்டியலில்தான்.

புனைபெயருக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘சூடோனிம்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் வேரிலேயே ‘பொய்’ இருக்கிறது. நம் சொல்லில் அந்தக் குற்றச்சாட்டு கிடையாது. எழுதுகிறவர் தாமே விரும்பிச் சூடிக்கொள்ளும் பெயர், அவ்வளவுதான்.

‘தாமே’ என்பது முக்கியம். பிறர் சூட்டினால் அது பட்டப்பெயர் அல்லது சிறப்புப்பெயர். குறுந்தொகை 40ஆம் பாட்டை எழுதியவரின் இயற்பெயர் தெரியாது. பாட்டில் வரும் ‘செம்புலப் பெயல்நீர்’ உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்கிறோம். அழகான பெயர், ஆனால் அவர் வைத்துக்கொண்டது என்று சொல்ல முடியாது.

எட்டயபுரத்தில் சுப்பிரமணியனுக்குக் கிடைத்த ‘பாரதி’யும் பட்டமே. அவரே ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது ஷெல்லிதாசன். ஆங்கிலக் கவி ஷெல்லி மீது அத்தனை பிரியம். அப்புறம் புதுச்சேரி சுப்புரத்தினம், பாரதி மீது கொண்ட பற்றில் பாரதிதாசன் ஆனார். அவரைக் குருவாகக் கொண்ட இராசகோபாலன் சுப்புரத்தினதாசன் என்று வைத்துக்கொண்டு, அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். யாருடைய எழுத்தில் மயங்கினோம் என்று பெயரிலேயே பதிந்துவைக்கும் இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் சுரதா செய்ததுதான் கெட்டிக்காரத்தனம்: ‘தாசன்’ உள்ளேயே இருக்கிறது, வெளியே தெரிவதில்லை.

எல்லாப் புனைபெயருக்கும் பின்னால் பக்தி இருக்கவேண்டும் என்பதில்லை. சில நேரம் வெறும் நடைமுறைத் தேவை. ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் எழுத வந்தபோது ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே குமுதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார், சுஜாதா ஆனார். அதே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த இன்னொரு ரங்கராஜனுக்கு ஓவியர் மாலியைப் போல வரவேண்டும் என்று ஆசை. அந்தப் பெயரின் ஓசையில் வாலி ஆகி, கடைசியில் தூரிகையை விட்டுப் பாட்டெழுத வந்தார். பெண் பெயரில் ஆண் எழுதுவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம்.

இயற்பெயரையே தமிழாக்கிக்கொள்வது இன்னொரு வகை. சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். வேதாசலம் மறைமலை ஆனதும் அப்படித்தான்: வேதம் மறை, அசலம் மலை. இதில் முன்னதைப் புனைபெயர் எனலாம், ‘தனிப்பாசுரத் தொகை’ நூலுக்காக அவர் சூடிக்கொண்டது. மறைமலையடிகளோ நூலுக்கு மட்டும் என்றில்லாமல் வாழ்க்கைக்கும் அதையே பெயராக்கிக்கொண்டார். அதைப் பெயர் மாற்றம் என்பதே பொருத்தம்.