கோன்: புயல் வரைபடத்தில் வரும் வெள்ளைக் கூம்பு

ஃபுளோரிடாவில் புயல் பருவம் வந்துவிட்டால் அங்குள்ள தமிழ் வீடுகளிலும் ஓயாமல் அடிபடும் சொல் ‘கோன்’. “நாம கோன்ல இருக்கோமா?”, “நேத்து இருந்தோம், காலையில வெளிய வந்துட்டோம்”, “பதினொரு மணிக்கு அடுத்தது வரும், பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.” ஊரிலிருந்து அம்மா பதறிப்போய் போன் செய்தாலும் இதே சொல்தான் பதிலாக வருகிறது: “இல்லம்மா, கோன் மேற்கே போயிடுச்சு, எங்களுக்கு ஒண்ணும் இல்ல.” கோன் நகர்ந்தது உண்மையாக இருக்கலாம். ‘ஒண்ணும் இல்ல’ என்பதற்குத்தான் அந்தப் படத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. (அரசனைக் குறிக்கும் நம் பழைய ‘கோன்’ வேறு. அதற்கும் இதற்கும் உறவில்லை.)

முதலில் பொருள். அட்லாண்டிக்கில் ஒரு புயல் உருவானதும் மயாமியிலுள்ள தேசிய ஹரிக்கேன் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை வெளியிடும். கிழக்குக் கரை நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11. கரை நெருங்கிவிட்டால் இடையிடையேயும் தகவல் வரும். அறிக்கையோடு வரும் வரைபடத்தில் புயல் இப்போது இருக்கும் இடத்தில் குறுகலாகத் தொடங்கி, போகப்போக அகன்றுகொண்டே செல்லும் ஒரு வெள்ளைப் பரப்பு இருக்கும். அதுதான் கோன். முதல் மூன்று நாளுக்கு முழு வெள்ளை, நான்காம் ஐந்தாம் நாளுக்குப் புள்ளியிட்ட வெள்ளை. நடுவே வரும் கருப்பு வட்டங்களுக்குள் எஸ், ஹெச், எம் என்று எழுத்துகள்: காற்று மணிக்கு 39 மைலைத் தொட்டால் எஸ் (புயல்), 74-ஐத் தொட்டால் ஹெச் (ஹரிக்கேன்), 110-ஐத் தாண்டினால் எம் (பெரும் ஹரிக்கேன்). இந்த வரைபடம் 2002-இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து நாள் கணிப்பு அதற்கு அடுத்த ஆண்டுதான் தொடங்கியது.

வெள்ளைப் பரப்பின் அகலத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் தன்னுடைய கணிப்புகள் உண்மையான இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிப்போயின என்று மையம் கணக்கெடுக்கிறது. ஒரு நாள் கணிப்பில் இவ்வளவு, இரண்டு நாள் கணிப்பில் இவ்வளவு என்று தனித்தனியாகப் பார்த்து, அந்தப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே அடங்கும் அளவுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போடுகிறது. ஒரு நாளுக்கான வட்டத்தின் ஆரம் சுமார் 40 கடல் மைல், ஐந்தாம் நாளுக்கு சுமார் 200 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 370 கிலோமீட்டர். வட்டங்களைத் தொட்டுக்கொண்டு வெளிக்கோடு இழுத்தால் கோன் வந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. கோனின் அகலத்துக்கும் புயலின் அளவுக்கும் தொடர்பே இல்லை. ஒரு பருவம் முழுவதும் அட்லாண்டிக்கின் எல்லாப் புயலுக்கும் அதே வட்டங்கள்தான். மெதுவாக நகரும் புயலுக்கு வட்டங்கள் நெருங்கி விழுவதால் கோன் குட்டையாகப் பருத்துத் தெரியும், விரைந்து செல்லும் புயலுக்கு நீண்டு மெலிந்து தெரியும், அவ்வளவுதான். இன்னொன்று முக்கியமானது. புயலின் மையம் கோனுக்கு வெளியே போவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதை ஹரிக்கேன் மையம் அந்தப் படத்தின் இலக்கணத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு நாலு தெரு தள்ளி வீடு இருக்கிறது என்று மூச்சு விடுபவர்கள் இதை நினைவில் கொள்வதில்லை.

இனி சொல்லின் வழி. ஆங்கிலத்தில் இதன் முழுப்பெயர் ‘கோன் ஆஃப் அன்சர்ட்டன்டி’. ‘கோன்’ கிரேக்க மொழியின் ‘கோனோஸ்’ என்பதிலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கிரேக்கத்தில் அது பைன் மரத்தின் காயையும் குறித்தது, வடிவக் கணிதத்தின் உருவத்தையும் குறித்தது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இதே முழுப்பெயர் வேறு பொருளில் பழக்கம்: ஒரு திட்டம் எப்போது முடியும் என்ற கணிப்பு தொடக்கத்தில் எவ்வளவு அகலமாக இருந்து பிறகு எப்படிக் குறுகுகிறது என்பதைக் காட்டும் படம். அங்கே கூர்முனை கடைசியில் வரும், புயல் படத்தில் முதலிலேயே இருக்கிறது. ‘ஹரிக்கேன்’ வந்த வழி தனி. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த டாய்னோ மக்களின் சொல் ஸ்பானிஷ் மாலுமிகள் வாயில் ‘உராகான்’ ஆகி, பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது. நம் வீடுகளில் காற்றுக்கு அணையாமல் எரிந்த அரிக்கேன் விளக்கும் அந்தப் பெயரின் மிச்சம்தான்.

தமிழில் கோனுக்கு நேர்ச்சொல் பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது: கூம்பு. ஒலி ஒத்துப்போகிறதே என்று ‘கூம்பிலிருந்துதான் கோன் வந்தது’ என்று யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன், இரண்டுக்கும் உறவு இருப்பதற்குச் சான்று எதுவும் இல்லை. கூம்பு நம் சொல், பழைய சொல். புறநானூற்றின் 30-ஆம் பாட்டில் “கூம்பொடு மீப்பாய் களையாது” புகார்த் துறைக்குள் நுழையும் பெருங்கலம் வருகிறது. அங்கே கூம்பு என்பது பாய்மரம். கடலோடிகளின் சொல்லாக இருந்தது கடற்புயலின் வரைபடத்துக்கே திரும்பி வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

வினையாகவும் கூம்பு வரும். தாமரை கூம்பும், கை கூம்பும். விரிந்தது குவிந்து குறுகுவதுதான் கூம்புதல். “மலர்தலும் கூம்பலும் இல்லது அறிவு” என்கிறது குறள் 425. இந்த வினையை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். இன்றிலிருந்து ஐந்தாம் நாளை நோக்கிப் பார்த்தால் அந்தப் பரப்பு மலர்கிறது. அதே கரையில் உட்கார்ந்துகொண்டு நாள் கழியக் கழியப் பார்த்தால் அது கூம்புகிறது. திங்கட்கிழமை 700 கிலோமீட்டர் அகலத்தில் இருந்த சந்தேகம் வெள்ளிக்கிழமை 150 கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. கரையோரத்துக்காரர் அனுபவிப்பது இரண்டாவதைத்தான். ஆகவே வடிவத்தைக் குறிக்கக் ‘கூம்பு’ என்பதை விடப் பொருத்தமான சொல் தேட வேண்டியதில்லை.

சிக்கல் அடைமொழியில்தான். ‘நிச்சயமின்மைக் கூம்பு’ என்று நேராகப் பெயர்த்து விடலாம். ‘ஐயக் கூம்பு’ என்று சுருக்கலாம், காதுக்கும் நன்றாக இருக்கிறது. பிழைகளை வைத்து வரைந்ததால் ‘பிழைக் கூம்பு’ என்பதே உண்மைக்கு மிக நெருக்கம், ஆனால் ‘தவறான கூம்பு’ என்று கேட்கும். இவை எல்லாமே ‘எவ்வளவு உறுதி?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கின்றன. மக்கள் தடுமாறுவதோ ‘எதைப் பற்றிய கூம்பு?’ என்ற இடத்தில்.

2004 ஆகஸ்ட் 13 இதற்கான பாடப்புத்தக உதாரணம். சார்லி புயலின் நடுக்கோடு, அதாவது கருப்பு வட்டங்களை இணைக்கும் கோடு, மேற்குக் கரையிலுள்ள டாம்பாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டாம்பா விரிகுடாப் பக்கத்துக்காரர்கள் பலர் உள்நாட்டிலுள்ள ஆர்லாண்டோவுக்குக் கிளம்பினார்கள். புயல் சற்றே கிழக்கே திரும்பி, டாம்பாவுக்குத் தெற்கே சுமார் 100 மைலில் புன்டா கோர்டா பக்கம் கரையைக் கடந்தது, அதுவும் சில மணி நேரத்தில், ஐந்து வகைகளில் நான்காம் வகைக்கு வலுவேறி. பிறகு குறுக்கே நடந்து ஆர்லாண்டோவுக்கே போய்ச் சேர்ந்தது. புன்டா கோர்டாக்காரர்கள் “எங்களுக்கு வரும்னு சொல்லவே இல்லையே” என்றார்கள். சொல்லியிருந்தார்கள்: எச்சரிக்கை இருந்தது, ஊர் கோனுக்குள்ளேயே இருந்தது. அவர்கள் பார்த்தது நடுக்கோட்டை மட்டும். 2004 பருவத்தில் ஃபுளோரிடா மக்கள் இந்தப் படத்தை எப்படித் தவறாகப் படித்தார்கள் என்று மயாமி பல்கலைக்கழகத்தின் கென்னத் பிராடும் உடனிருந்தவர்களும் 2007-இல் தனிக் கட்டுரையே எழுதினார்கள்.

இப்படி 100 மைல் தள்ளிப் போவதற்குக் கணிப்பாளரின் கவனக்குறைவு காரணமில்லை. கியூபாவைத் தாண்டி வடக்கு, வடகிழக்காக வரும் புயல் ஃபுளோரிடாவின் மேற்குக் கரைக்கு ஏறக்குறைய இணையாகவே நகர்கிறது. செங்குத்தாக மோதும் புயல் பத்து மைல் விலகினால் கரையிலும் பத்து மைல்தான் விலகும். சாய்ந்து உரசி வருவது கொஞ்சம் திரும்பினாலும் கரையைத் தொடும் ஊர் மாறிவிடும்.

2022-இல் இயன் புயல் இதையே செய்தது. ஒரு கட்டத்தில் வடக்கு ஃபுளோரிடா, பிறகு டாம்பா, பிறகு இன்னும் தெற்கே என்று கோடு நகர்ந்துகொண்டே வந்தது. செப்டம்பர் 28 அன்று சார்லி வந்த அதே கேயோ கோஸ்டா தீவில், மணிக்கு 150 மைல் காற்றோடு கரையைக் கடந்தது. அந்தத் தீவு இருக்கும் லீ மாவட்டத்தில் கட்டாய வெளியேற்ற ஆணை வந்தது முதல் நாள் காலையில்தான். ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் கடல் 10 முதல் 15 அடி உயரத்துக்கு ஊருக்குள் ஏறியது. ஆணை ஏன் அவ்வளவு தாமதம் என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. டாம்பாவிலோ கரையை நோக்கி வீச வேண்டிய காற்று கடலை நோக்கி வீசி விரிகுடாவின் தண்ணீரை வெளியே தள்ள, வற்றிய தரையில் மக்கள் நடந்து பார்த்தார்கள்.

கோனுக்கு உள்ளே, வெளியே என்று பிரித்துப் பார்ப்பதே எவ்வளவு பயனற்றது என்பதை 2024-இன் ஹெலீன் காட்டியது. அதன் மையம் டாம்பாவுக்கு 100 மைலுக்கு மேல் மேற்கே, கடலிலேயே போய், வடக்கில் பெர்ரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் டாம்பா விரிகுடாவில் கடல் 6 அடிக்கு மேல் உயர்ந்து, அதுவரை பதிவான அளவுகளை மிஞ்சியது. உயிர்களும் போயின. பிறகு வட கரோலினா மலைகளில் அதன் மழை செய்த அழிவு தனிக்கதை. இரண்டு வாரத்தில் வந்த மில்டன் சியஸ்டா கீயில், மேற்குக் கரையில், கரையேறியது. ஆனால் அதன் சுழல்காற்றுகள் உயிர் குடித்தது மாநிலத்தின் கிழக்குப் பக்கத்தில். படம் எதையும் மறைக்கவில்லை, அது சொல்லவந்தது புயலின் மையத்தைப் பற்றி மட்டும். காற்று எவ்வளவு தூரம் வீசும், கடல் எங்கே ஏறும், மழை எங்கே கொட்டும் என்பதற்கு வேறு வரைபடங்கள் உண்டு. அவை யாருடைய கைபேசியிலும் இவ்வளவு வேகமாகப் பரவுவதில்லை.

இதில் ஒரு முரண் வேறு. கணிப்பு முன்னேற முன்னேறக் கோன் காலப்போக்கில் மெலிந்திருக்கிறது. புயல் மெலியவில்லை. ஆக, அதே ஆபத்தில் இருந்துகொண்டு ‘நாங்க வெளிய’ என்று சொல்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. 2024 ஆகஸ்டில் ஹரிக்கேன் மையம் சோதனையாக வெளியிடத் தொடங்கிய படத்தில் உள்நாட்டு மாவட்டங்களுக்கான எச்சரிக்கைகளும் சேர்ந்தே நிறம் தீட்டி வந்ததற்கு இதுவும் காரணம். கோனின் எல்லையை ஆள் வைத்து நீட்டிய கதையும் உண்டு. டோரியன் புயலின்போது, 2019 செப்டம்பரில், வெள்ளை மாளிகையில் காட்டிய ஒரு பழைய வரைபடத்தில் கருப்பு மார்க்கரால் அலபாமா வரை ஒரு வளையம் சேர்ந்திருந்தது. கணிப்பைப் பேனாவால் மாற்றலாம் என்றால் கரையோரத்துக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மார்க்கர் வாங்கியிருப்பார்கள்.

ஆகவே என் பரிந்துரை மையத்தடக் கூம்பு. மையம், தடம், கூம்பு மூன்றும் தெரிந்த சொற்கள். தேசிய ஹரிக்கேன் மையமும் தன் விளக்கக் குறிப்பில் ‘அன்சர்ட்டன்டி’யைத் தவிர்த்துத் ‘தடக் கணிப்புக் கூம்பு’ என்னும் பொருள்படவே பெயரிடுகிறது. நான் முன்னால் ‘மையம்’ சேர்ப்பது, கேட்கிறவர் காதில் முதலில் விழ வேண்டியது அதுதான் என்பதால். ‘தடம்’ கடந்துபோன வழிக்குத்தான் பொருந்தும், வரப்போகும் வழிக்குப் ‘பாதை’ என்பதே சரி என்று ஒருவர் வாதாடலாம். ‘மையப்பாதைக் கூம்பு’ என்றாலும் எனக்குச் சண்டை இல்லை. செய்தியில் இடம் போதாவிட்டால் முதல் முறை முழுப்பெயர், அடுத்து வெறும் ‘கூம்பு’ போதும். பேச்சில் கோன் கோனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுத்தில் இப்படிப் பயன்படுத்தலாம்: “மாலை 5 மணி அறிக்கையில் மையத்தடக் கூம்பு 60 மைல் மேற்கே நகர்ந்தது. டாம்பாவின் ஏ மண்டலத்துக்கான (முதலில் வெளியேற வேண்டிய பகுதி) வெளியேற்ற ஆணையில் மாற்றம் இல்லை.”