தேடலின் மேலே வரும் உதவி எண்: அழைத்தால் என்ன ஆகும்?

தற்கொலை பற்றி இணையத்தில் தேடினால், தேடுபொறிகள் பொதுவாக முடிவுகளுக்கு மேலே ஓர் உதவி எண்ணைக் காட்டும். அழைத்தால் போலீஸ் வருமோ, வழக்குப் போடுவார்களோ என்ற பயத்திலேயே அதைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை.

பழைய பதிவுகளில் கிடைக்கும் எண்கள் செயல்படாமல் போயிருக்கலாம். ஆகவே மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்: 14416. கிடைக்காவிட்டால் 1800 891 4416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் இந்தச் சேவை இலவசம். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தமிழும் உண்டு. பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் சிகிச்சைக்கோ அனுப்பிவைப்பார். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. மகனின் தேடல் வரலாற்றைப் பார்த்துப் பதறும் தாயும் அழைத்து, அவனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்கலாம். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, பேச வழி திறக்கும். திட்டுவதும் போனைப் பிடுங்குவதும் அந்த வழியை அடைத்துவிடும்.

இனி சட்டம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரைப் பணியவைக்கவோ செய்யும் முயற்சி மட்டும் 226-ஆம் பிரிவில் குற்றமாக நீடிக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. அப்படி இல்லை என்று நிரூபிக்கப்பட்டால்தான் இது பொருந்தாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு கூறுகிறது.

மருத்துவமனையில் ‘எம்எல்சி’ (போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ-சட்ட வழக்கு) பதிவு போட்டால் குடும்பங்கள் கலங்குகின்றன. அது பதிவுதான், தண்டனை அல்ல. பதிவு முடியும்வரை அவசரச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனை தயங்கினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மனநலத் தகவல்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை அதே 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால், அதைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் வெளியிடலாம். மருத்துவக் காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்கு இணையாக நடத்த வேண்டும் என்கிறது அதன் 21(4)-ஆம் பிரிவு.

ஆபத்து உடனடியானது என்றால் 14416-இல் காத்திருக்க வேண்டாம். 108 அல்லது 112-ஐ அழையுங்கள். உதவி வந்துசேரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.