ஆயுள் மருந்துகளின் கூட்டல் கணக்கு

உறுப்பு மாற்று நோயாளிகளுக்குத் தரப்படும் ராபமைசின் என்ற மருந்து சுண்டெலிகளின் ஆயுளை 15 முதல் 20 சதவீதம் வரை நீட்டுகிறது. டிராமெடினிப் என்ற புற்றுநோய் மருந்து 5 முதல் 10 சதவீதம். ஜெர்மனியின் கொலோனிலுள்ள மாக்ஸ் பிளாங்க் முதுமை உயிரியல் நிறுவனம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கிட்டத்தட்ட 30 சதவீதம் கிடைத்தது (2025). ராபமைசின் எம்டார் புரதத்தை அடக்குகிறது, டிராமெடினிப் மெக் நொதியை. ஊட்டச்சத்தை உணரும் ஒரே வலையமைப்பில் இவை வெவ்வேறு கிளைகள். அதனால்தான் பலன் கூடுகிறது. ஒரே கிளையை முதல் மருந்தே முழுதாக அடைத்துவிட்டால் இரண்டாவதற்கு வேலை இல்லை.

ஒன்று செய்யும் கேட்டை இன்னொன்று சரிசெய்வதும் உண்டு. எம்டார் இரண்டு புரதக் கூட்டமைப்புகளில் இயங்குகிறது. ராபமைசினைத் தொடர்ந்து கொடுத்தால் இரண்டாம் கூட்டமைப்பும் பாதிக்கப்பட்டு, உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாது, ரத்தச் சர்க்கரை ஏறும். அகார்போஸ் என்ற நீரிழிவு மருந்து மாவுச்சத்துச் செரிமானத்தைத் தாமதப்படுத்தி, உணவுக்குப் பின் சர்க்கரை எகிறாமல் பார்த்துக்கொள்ளும். ஆயுளை நீட்டும் மருந்துகளை எலிகளில் சோதிக்கும் அமெரிக்காவின் ஐடிபி திட்டம், கிலோ தீவனத்துக்கு 14.7 மில்லிகிராம் ராபமைசினும் 1 கிராம் அகார்போஸும் கலந்து 9 மாத வயதிலிருந்து கொடுத்தது. ஆண் எலிகள், ராபமைசின் மட்டும் பெற்றவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன. பெண் எலிகளுக்குக் கூடுதல் பலன் இல்லை. இதில் வியப்பில்லை: அகார்போஸ் தனியாகவே ஆண்களுக்கு 22, பெண்களுக்கு வெறும் 5 சதவீதம்தான் தந்திருந்தது. ஆனால் ஒற்றை மருந்துக் குழுக்கள் அதே ஆண்டில் வளர்க்கப்பட்டவை அல்ல, முந்தைய ஆண்டுகளின் எலிகள். இந்த ஆய்வின் பலவீனம் இதுதான்.

முறையாகச் செய்ய இரண்டு மருந்துக்கு நான்கு குழு தேவை: மருந்தில்லாதது, அது மட்டும், இது மட்டும், இரண்டும். சேர்ந்ததால் கிடைத்த கூடுதல் பலனைக் கணக்கிடும்போது நான்கு சராசரிகளின் பிழையும் சேர்ந்துகொள்வதால், ஒற்றை மருந்து ஒப்பீட்டின் துல்லியம் வேண்டுமென்றால் குழுவுக்கு இரண்டு மடங்கு எலிகள் வேண்டும். நான்கு சிகிச்சைகள் என்றால் 16 குழு. முதுமை ஆய்வுக்கான எல்ஈவி அறக்கட்டளை 18 மாத வயதுடைய 1000 எலிகளை வைத்து அதைப் பத்தாகச் சுருக்கியது: ஒன்றுமில்லாதது, நான்கும் சேர்ந்தது, தனித்தனியாக நான்கு, ஏதேனும் ஒன்றை விட்டுவிட்ட நான்கு. செலவு மிச்சம்தான், ஆனால் இரண்டிரண்டாகச் சேர்த்த குழுவே இல்லாததால், எந்த ஜோடி ஒன்றுக்கொன்று உதவியது என்று நேரடியாகச் சொல்ல முடியாது.

ஏமாற்றும் இடங்கள் இரண்டு. தீவனம் கசந்து எலி குறைவாகத் தின்றால், கிடைப்பது மருந்தின் பலனல்ல, உணவுக் குறைப்பின் பலன். அதனால் எடையும் தின்ற அளவும் எல்லாக் குழுவிலும் பதிவாக வேண்டும். அடுத்தது கல்லீரல். ராபமைசினைச் சிதைக்கும் நொதியை இரண்டாம் மருந்து தடுத்தால், ரத்தத்தில் ராபமைசின் ஏறிவிடும். பார்ப்பதற்குக் கூட்டுப் பலன் போலத் தெரியும், உண்மையில் அது அளவைக் கூட்டியதன் விளைவு. ஐடிபியிலேயே ராபமைசினை 42 மில்லிகிராமாக உயர்த்தியபோது ஆண்களில் 23, பெண்களில் 26 சதவீதம் கிடைத்தது, வேறெந்த மருந்தும் சேராமலே. ஆகவே ரத்த அளவைச் சோதிப்பதோடு, உயர் அளவு ராபமைசின் மட்டும் பெறும் குழு ஒன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.