ஒற்றைச் சொல் எடுக்கப் போகிறீர்களா? எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஜனவரி பிறந்தால் போதும், என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் சிலராவது, வருஷம் முழுக்க வழிகாட்ட என்று எடுத்துக்கொண்ட ஒரு சொல்லோடு வருவார்கள். "மேடம், இந்த வருஷம் பத்துத் தீர்மானமெல்லாம் கிடையாது, ஒரே சொல்தான்" என்று டைரியின் முதல் பக்கத்தைக் காட்டுவார்கள். அமைதி, அன்பு, வெற்றி, பொறுமை என்று ஏதாவது ஒன்று இருக்கும். யோசனை நல்லதுதான். எடையைக் குறைக்கணும், கடனை அடைக்கணும், காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்கணும் என்று நீளும் பட்டியல் பொங்கலுக்குள் மறந்துவிடும், ஒரு சொல் அப்படிச் சீக்கிரம் மறக்காது. ஆனால் பலரும் தப்பான சொல்லை எடுத்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே நம்மிடம் அளவுக்கு மேல் இருப்பதையே மறுபடி எடுப்பதுதான் நான் அதிகம் பார்ப்பது. ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்ளுங்கள் (அடையாளம் தெரியாமல் இருக்க இரண்டு மூன்று பேரைக் கலந்து சொல்கிறேன்). வீட்டில் மாமியாருக்கு மருந்து, பிள்ளைக்கு டியூஷன், பள்ளியில் ஆண்டு விழா, சக ஆசிரியர் லீவு போட்டால் அந்த வகுப்பு, எல்லாம் இவர் தலையில்தான். தூக்கம் இல்லை, அடிக்கடி தலைவலி, காரணமே இல்லாமல் அழுகை. அவர் எடுத்து வந்த சொல் 'பொறுமை'. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன், "வீட்டில் எல்லாரும் எனக்குப் பொறுமை இல்லைன்னு சொல்றாங்க" என்றார். அவருக்கு இல்லாததா பொறுமை? இத்தனை வருஷம் அதை வைத்துத்தானே அத்தனை பேரும் அவரிடம் வேலை வாங்கியிருக்கிறார்கள்! கடைசியில் அவர் எடுத்துக்கொண்ட சொல் 'பகிர்'. ஒரு வேலை வந்து நிற்கும்போது, இதில் பாதியை யார் செய்யலாம் என்று ஒரு நிமிஷம் யோசிப்பது, அவ்வளவுதான். முதல் மாதம் வீட்டில் சண்டைதான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கு வசதியாக இருந்த ஒன்றை மாற்றினால் முகம் கோணத்தான் செய்யும்.

அதனால் ஒரு சொல் மனசுக்குப் பிடித்துவிட்டால் உடனே கேளுங்கள்: இது நான் தேர்ந்தெடுத்ததா, என்னைப் பற்றி மற்றவர்கள் வைக்கும் புகாரா?

அடுத்தது, முடிவைச் சொல்லாக எடுப்பது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் முக்கால்வாசிப் பேர் 'வெற்றி' என்று எழுதி, மேஜைக்கு எதிரே ஒட்டிவைத்திருப்பார்கள். வெற்றியை இன்று மாலை நாலு மணிக்குச் செய்ய முடியாது. அது தேர்வாணையம் என்றைக்கோ வெளியிடும் பட்டியலில் இருக்கிறது, அதுவரை அந்தச் சொல் "இன்னும் இல்லை, இன்னும் இல்லை" என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸும் அவருடன் இருந்தவர்களும் 1980களில் தொடங்கி வளர்த்த 'ஆக்ட்' (ஏற்பு, உறுதிப்பாட்டுச் சிகிச்சை) என்ற உளவியல் சிகிச்சை முறையில் இலக்கு வேறு, விழுமியம் (எப்படி வாழ விரும்புகிறோம் என்பது) வேறு என்று தெளிவாகப் பிரிப்பார்கள். இலக்கை அடைந்தால் கதை முடிந்தது. விழுமியம் மேற்குத் திசை மாதிரி, எவ்வளவு நடந்தாலும் போய்ச் சேர்ந்துவிட முடியாது, ஆனால் அடுத்த அடியை எந்தப் பக்கம் வைப்பது என்பது எப்போதும் தெரியும். மூன்று பாடத்தைத் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டிருந்த ஒரு பையனுக்கு 'முடி' என்ற சாதாரணச் சொல் உதவியது. கேட்க ஒரு கம்பீரமும் இல்லை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால் யாரும் இதயம் போடமாட்டார்கள்! ஆனால் அதை அவனால் இன்றைக்கே செய்ய முடிந்தது.

'கோபப்படாதே', 'போனைப் பார்க்காதே' மாதிரி தடுக்கும் சொற்களும் வேண்டாம். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும் என்றார். மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் இப்போது நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். செய்யக் கூடாததைச் சொல்லாக வைத்தால் அது நம் கண்முன்னே நின்றுகொண்டிருக்கும். செய்ய வேண்டியதை வையுங்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? உட்கார்ந்து அழகான சொற்களை யோசிக்காதீர்கள். ஒரு வாரம், தூங்கப் போகுமுன் ஒரே வரி எழுதுங்கள்: இன்றைக்கு எந்த இடத்தில் 'சே, இப்படிச் செய்திருக்க வேண்டாம்' என்று தோன்றியது. ஏழு வரிகளைச் சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் வேறுவேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும். யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது, பேச வேண்டிய இடத்தில் பேசாமல் வருவது, மகன் சொல்லி முடிப்பதற்குள் புத்தி சொல்ல ஆரம்பிப்பது, இப்படி. அந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்பதற்குப் பதிலாக வருகிற வினைச்சொல்தான் உங்களுக்கானது. நில், கேள், பேசு, முடி. அந்தச் சொல்லைச் செய்தால் ஏதாவது ஒன்று தானாக விலகவும் வேண்டும், 'நில்' என்றால் உடனே தலையாட்டுவது விலகுவது மாதிரி. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் ஒன்றுக்கும் உதவாது.

எடுத்த சொல்லைப் போன் திரையில் வைப்பதோடு விட்டால், கொஞ்ச நாளில் அது கண்ணில் படாமலே போய்விடும், சுவரில் தொங்கும் போன வருஷக் காலண்டர் என்றைக்காவது கண்ணில் படுகிறதா என்ன. ஒரு தருணத்தோடு முடிச்சுப் போடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்து காட்டியது இதைத்தான்: 'இப்படி நடந்தால், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறுமனே செய்யணும் என்று நினைத்தவர்களைவிட அதிகம் செய்கிறார்கள். 'நில்' என்பது சொல்லானால், "யாராவது உதவி கேட்டால், முதலில் 'நாளைக்குச் சொல்றேன்' என்பேன்" என்பது அதன் முடிச்சு.

21 நாளில் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு சின்னப் பழக்கம் தானாக வர, வரிசையில் நடுவில் வருபவருக்கு 66 நாட்கள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு நாள் தவறியதற்காக எல்லாம் போச்சு என்று டைரியை மூடி வைப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

இன்னொன்று, அடுத்தவருக்குச் சொல் எடுத்துக் கொடுக்காதீர்கள். மனைவிக்காகக் கணவர் எடுத்த சொல்லும், பிள்ளைக்காக அப்பா எடுத்த சொல்லும் நான் பார்த்தவரை உத்தரவாகத்தான் முடிந்திருக்கின்றன.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ கெட்டு, பிடித்த விஷயங்களில்கூட ஈடுபாடு போய், எழுந்து குளிப்பதே மலையாக இருந்தால் சொல் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், மன உறுதியால் சமாளிக்கிற விஷயமில்லை, சிகிச்சை இருக்கிறது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் இலவசமாக, 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு மனநல உதவி எண் 1926. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.