மணலுக்குள் மூச்சு விடும் அரணை

“பாலைவனப் பல்லி மணலுக்குள் புதைந்து கிடக்கிறதே, மூக்கில் மண் ஏறாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

சஹாராவிலும் அரேபியப் பாலைவனங்களிலும் வாழும் ‘மணல்மீனை’ எடுத்துக்கொள்வோம். நம் ஊர் அரணைக்குச் சொந்தம்தான். ஒரு சாண் நீளம் இருக்கும். அரணை என்றதும் ‘அரணை நக்கினால் மரணம்’ என்பது பலருக்கு நினைவு வரும். அரணைக்கு விஷமே கிடையாது. அந்த ஒரு பேச்சை நம்பி இன்றைக்கும் அதைக் கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிறார்களே, அது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, மணலுக்கு வருவோம். ஆப்பு வடிவ மூஞ்சி, வழவழப்பான செதில்கள். ஆபத்து என்றால் நொடிப்பொழுதில் உள்ளே போய்விடும். காலால் தோண்டிக்கொண்டுதான் போகும் என்று நினைப்போம். 2009-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் டேனியல் கோல்ட்மேன் குழுவினர் எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். கால்கள் உடலோடு ஒட்டி மடங்கியிருந்தன. உடம்பை அலை அலையாக நெளித்தே அது மணலில் நீந்தியது.

இனி மூச்சு. மணல் துகள்களுக்கு இடையே காற்று இருக்கிறது, அதற்குப் பஞ்சமில்லை. அந்தக் காற்றோடு வரும் துகள்தான் சிக்கல். ஆனாலும் நுரையீரலுக்குள் மணல் போவதில்லை. எப்படி?

மூக்கின் உள்பாதை ஓரிடத்தில் சட்டென்று அகலமாகிறது. அதே அளவு காற்று அகன்ற இடத்தில் போகும்போது வேகம் குறையும். ஆற்று வெள்ளம் ஏரிக்குள் வந்ததும் வண்டல் அடியில் தங்கிவிடுகிறதல்லவா, அதே கதைதான் இங்கேயும். வேகம் குறைந்த காற்றால் துகளைத் தூக்கிச் செல்ல முடியாது. அது கீழே இறங்கி ஈரமான சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குத் தோதாக மணல்மீன் மூச்சை நிதானமாக, ஏறத்தாழ 2 நொடி இழுக்கிறது. வெளியே விடுவதோ வெறும் 40 மில்லிநொடியில்! கிட்டத்தட்ட ஒரு தும்மல். ஒட்டியிருந்த மணல் அந்த வேகத்தில் வெளியே பறக்கிறது. வலை இல்லை, துணி இல்லை. குழாயின் வடிவமும் மூச்சின் தாளமும் சேர்ந்தே வடிகட்டி ஆகிவிடுகின்றன. 2016-இல் இதை விளக்கிய ஆய்வைப் படித்த அன்று, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பல்லி மூக்கை ஆராயவா மக்கள் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் கொடுக்கவேண்டும் என்பேன். தூசி நிறைந்த இடங்களில் ஓடும் இயந்திரங்களில் வடிகட்டி அடைத்துக்கொள்வது தீராத தலைவலி. அடைபடவே வழியில்லாத ஒரு வடிகட்டி இந்தச் சின்ன மூக்குக்குள் இருக்கிறது. நம் தார் பாலைவன மணலிலும் அரணைகள் வாழ்கின்றன. அவற்றின் மூக்கையும் நம் ஆய்வுக்கூடங்கள் கொஞ்சம் திறந்து பார்க்கட்டும்.