காலக்கோட்டில் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு இடம்?

வரலாற்று புராஜெக்டுக்காகக் காலக்கோடு மென்பொருளைத் திறந்ததும் வண்ணமும் படமும்தான் கண்ணில் படும். முதலில் தேதியைக் கவனியுங்கள். நிகழ்வை எங்கே வைப்பது என்று மென்பொருள் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் உருவாக்கிய டைம்லைன்ஜேஎஸ் என்ற காலக்கோடு மென்பொருளுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். நிகழ்வுக்கு ஒரு வரிசை. ஆண்டு, மாதம், நாள் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள். இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடித்தது: மாதம் தெரியாவிட்டால் காலியாக விடலாம், இல்லாத துல்லியத்தைக் காட்ட வேண்டியதில்லை. எக்செல் 1900-க்கு முந்தைய நாளைத் தேதியாகவே ஏற்காது. அந்தச் சிக்கலும் இங்கே இல்லை.

அப்புறம் நடப்பது வெறும் விகிதக் கணக்கு. 1400 முதல் 2000 வரையிலான 600 ஆண்டுகளை 1,200 பிக்சல் நீளத்தில் காட்டினால், ஆண்டுக்கு 2 பிக்சல். பிரெஞ்சுப் புரட்சியின் 1789, தொடக்கத்திலிருந்து 389 ஆண்டு தள்ளி, அதாவது 778ஆவது பிக்சலில் வந்து உட்காரும்.

சரி, 1914-க்கு வாருங்கள். ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 28 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாமீது போர் அறிவித்தது. நம் கோட்டில் ஒரு மாதம் என்பது பிக்சலில் ஆறில் ஒரு பங்கு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அதனால் மென்பொருள் தலைப்புகளை மேலும் கீழுமாக வெவ்வேறு அடுக்குகளில் வைக்கிறது. ஆனாலும் இடைவெளி தெரிய ஜூம் செய்தாக வேண்டும். 1910 முதல் 1920 வரை மட்டும் திரையில் இருந்தால் மாதத்துக்கு 10 பிக்சல் கிடைக்கும். ஐரோப்பா போருக்குள் சரிந்த அந்த நான்கு வாரங்கள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

கி.மு. ஆண்டுகளில் ஒரு பள்ளம் உண்டு. அவற்றை மைனஸ் குறியோடு எழுதுவார்கள். சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44, அகஸ்டஸ் இறந்தது கி.பி. 14. அப்படியே கழித்தால் 58 வரும். சரியான விடை 57, ஏனென்றால் நம் ஆண்டுக் கணக்கில் பூஜ்ஜியம் கிடையாது. உங்கள் மென்பொருள் பூஜ்ஜிய ஆண்டை வைத்துக்கொள்கிறதா என்று தெரிந்த ஒரு தேதியைக் கொடுத்துச் சோதியுங்கள். நாட்காட்டியும் அப்படித்தான். ரஷ்யாவின் 'அக்டோபர்' புரட்சி பழைய ஜூலியன் நாட்காட்டியில் 1917 அக்டோபர் 25, இன்றைய நாட்காட்டியில் நவம்பர் 7. எதை எடுத்தாலும் கோடு முழுக்க ஒரே நாட்காட்டி இருக்கட்டும்.

உறுதியில்லாத தேதிகளை என்ன செய்வது? 1765-லேயே ஆங்கிலேய அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி இதற்கு வழி கண்டார். வாழ்க்கை வரலாற்று அட்டவணையில் ஒவ்வொருவர் ஆயுளையும் ஒரு கோடாக வரைந்தவர், பிறப்போ இறப்போ தெளிவில்லாத இடத்தில் கோட்டுக்குப் பதில் புள்ளிகள் வைத்தார். டைம்லைன்ஜேஎஸ்-இல் புள்ளி வைக்க முடியாது. ஆனால் வாசகருக்குக் காட்டும் தேதிக்கென்று தனிக் கட்டம் உண்டு. ஆண்டுக் கட்டத்தில் 1450 என்று போட்டுவிட்டு, இதில் '1450 வாக்கில்' என்று எழுதுங்கள்.