துளை போட்ட மருந்து

ஹூஸ்டனில் மச்சினன் வீட்டுக்குப் போய் வந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கார் ஷெட்டில் கையால் அழுத்தும் ஒரு பிரஸ், நகைக்கடையில் இருப்பது போன்ற தராசு, டப்பா டப்பாவாக வெடிமருந்து. சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, அடியில் தீப்பொறி தரும் சிறு மூடியான பிரைமரைப் புதிதாக வைத்து, மருந்து நிரப்பி, குண்டைப் பொருத்தி, ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கிறாராம். அமெரிக்காவில் அது ஒரு பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் செய்தால் ஆயுதச் சட்டம் பாயும். “குண்டை ஒரு முடியளவு உள்ளே தள்ளினாலே குறி மாறிவிடும் என்கிறார். நிஜமா, கதையா?” என்று கேட்டிருக்கிறார்.

கொஞ்சம் நிஜம், நிறையக் கதை.

தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து ஒரேயடியாக வெடிப்பதில்லை. விறகு மாதிரி மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. ஆனால் அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும். 1884இல் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் பால் வியேய் இந்த உறவைச் சூத்திரமாகவே எழுதி வைத்தார். திட எரிபொருள் ராக்கெட் செய்பவர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.  

வாயு வர வர அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற வாயு இன்னும் வேகமாக வரும். இந்த ஓட்டத்துக்கு ஒரே பிரேக், குண்டு முன்னே நகர்ந்து இடம் விடுவதுதான். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 4,200 மடங்கு. நம் வீட்டு குக்கர் விசிலடிப்பது காற்றழுத்தத்துக்கு மேல் ஒரு மடங்கு கூடும்போது. ரைஃபிளுக்குள் எல்லாமே ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

அதனால்தான் மருந்தை ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கைத்துப்பாக்கிக்கு வேகமாக எரிவது, ரைஃபிளுக்கு நிதானமாக எரிவது, குண்டு கனமானால் இன்னும் நிதானம். மாற்றிப் போட்டால் குழாயே பிளக்கலாம்.

சரி, மருந்துக்கு நிதானம் கற்றுக்கொடுப்பது எப்படி? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

1889இல் பிரிட்டனின் வேதியியலாளர்கள் ஏபெலும் டிவாரும் தாங்கள் செய்த மருந்தைக் கயிறு கயிறாகப் பிழிந்தார்கள். ஆங்கிலத்தில் கயிற்றுக்குக் ‘கார்டு’, அதனால் அது கார்டைட். ஊட்டி ரயிலில் வெலிங்டனைத் தாண்டியதும் வரும் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஆலைக்கும் அதே பெயர். கயிற்றில் ஒரு சிக்கல். எரிய எரிய அது மெலியும். விட்டம் பாதியானால் எரியும் பரப்பும் பாதி. குண்டு ஓடி இடம் பெரிதாகும்போது வாயு அதிகம் தேவை. அந்த நேரம் பார்த்து வரத்து குறைகிறது.

இப்போது அந்தக் கயிற்றின் நடுவே ஒரு துளை போடுங்கள். குழாய்ப் புட்டுத் துண்டுக்கு நடுவில் குச்சி விட்டு எடுத்தது போல. வெளியிலிருந்தும் எரிகிறது, துளைக்குள்ளிருந்தும் எரிகிறது. வெளி ஆரம் R, துளையின் ஆரம் r. இரு பக்கமும் x அளவு எரிந்த பின் வெளிச் சுற்றளவு 2π(R−x), உள் சுற்றளவு 2π(r+x). இரண்டையும் கூட்டுங்கள். x அடிபட்டுப் போகிறது! வெளியே இழந்ததைத் துளை அப்படியே திருப்பித் தருகிறது. கடைசி வரை எரியும் பரப்பு ஏறக்குறைய மாறாது. முதல்முறை நோட்டில் போட்டுப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். ஏழு துளை போட்டால் போகப் போகப் பரப்பு கூடவே செய்யும். பெரிய பீரங்கி மருந்தில் துளை போடும் யோசனையை அமெரிக்க ராணுவ அதிகாரி ராட்மன் 1860 வாக்கிலேயே பிடித்துவிட்டார். ரைஃபிளுக்கான பொடித் துகள்கள் பலவற்றில் துளையோடு, வெளிப்புறத்தில் எரிவதை மட்டுப்படுத்தும் பூச்சும் உண்டு.

முடியளவு ஆழத்துக்கு வருவோம். குண்டை உள்ளே தள்ளினால் கூட்டுக்குள் இடம் குறையும், அழுத்தம் ஏறும். பயந்து வெளியே இழுத்தால், நுனி, குண்டைச் சுழற்றிவிடக் குழாயின் உட்சுவரில் திருகலாக வெட்டிய சுழல்வரிகளில் போய் முட்டும். ஓட்டமெடுக்க இடமில்லாமல் வரிகளுக்குள் புக வேண்டியிருப்பதால் அப்போதும் அழுத்தம் ஏறும். முன்னே போனால் கடிக்குது, பின்னே வந்தால் உதைக்குது.

எவ்வளவு ஏறும்? .308 குண்டின் விட்டம் 7.82 மி.மீ., குறுக்குப் பரப்பு 48 சதுர மி.மீ. முடியின் தடிமன் 0.07 மி.மீ. பெருக்கினால் மூன்றரைக் கன மி.மீ.கூட வராது. கூட்டின் கொள்ளளவோ மூன்றரை மி.லி. ஆயிரத்தில் ஒரு பங்கு! அதனால் அழுத்தம் பெரிதாக மாறாது. 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா அப்படியல்ல. அதன் கூடு சின்னது. குண்டு ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே இருக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அங்கே ஆழம் உயிர் விஷயம்.

ரைஃபிளில் அந்த முடியளவு ஆழத்தால் ஏதாவது மாறுகிறது என்றால், அது குண்டு சுழல்வரிகளுக்குள் எவ்வளவு நேராக நுழைகிறது என்பதாக இருக்கலாம். போட்டிச் சுடுநர்கள் அதை அக்கறையாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பல பேர், ஒவ்வொரு ஆழத்திலும் மும்மூன்று குண்டு சுட்டு, மூன்று ஓட்டைகளும் நெருங்கி விழுந்த ஆழத்தை ‘ராசியான ஆழம்’ என்று குறித்துக்கொள்கிறார்கள். எதையுமே மாற்றாமல் ஒரே பெட்டித் தோட்டாக்களை மும்மூன்றாகச் சுட்டாலும், ஒரு கொத்து இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு விரிவது சகஜம். மூன்று முறை பூ விழுந்த காசை ராசிக் காசு என்று பர்ஸில் வைப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த முறை மச்சினனிடம், அதே ஆழத்தில் முப்பது குண்டு சுட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள். அநேகமாக மருந்து விற்கிற விலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.